தூக்குவாளியில் நாலாவது பெயர்

மரிய அந்தோணி காரை விட்டு இறங்கக்கூட இல்லை. கண்ணாடி வழியாகவே பார்த்துவிட்டார். ஆபீஸ் போகும் வழியில் இருக்கிற ஆற்றங்கரைப் பூங்கா. பேஸ்பால் மைதானத்து விளக்குக் கம்பத்தின் உச்சியில், போன வருஷக் கூட்டின் மிச்சத்தின் மேல், மீனையே தின்று வாழும் பருந்தான விராலடிப்பான் ஒன்று உட்கார்ந்திருந்தது. வெள்ளை வயிறு, கண்ணை ஒட்டி ஓடும் கறுப்புப் பட்டை, காலடியில் பாதி தின்ற மீன். தென்னமெரிக்காவிலிருந்து பறந்து வந்த களைப்பு அதன் முகத்தில் துளியும் தெரியவில்லை. வியாழக்கிழமை, மார்ச் பத்தொன்பது, காலை ஏழு பத்து.

அந்தோணிக்கு உள்ளம் துள்ளியது. ஐம்பத்திரண்டு வயதில், மருந்துக் கம்பெனியில் மேனேஜராக இருப்பவர் துள்ளக்கூடாது என்று சட்டமா என்ன? நாலு போட்டோ எடுத்தார். கட்டைவிரல் பழக்க தோஷத்தில் வாட்ஸப் இருந்த இடத்துக்குப் போய் நின்றது. அங்கே இப்போது வேதாகம ஆப் இருந்தது. இது தவக்காலம் என்பது அப்போதுதான் உறைத்தது.

நியூஜெர்சித் தமிழ்ப் பறவைப் பிரியர்களின் வாட்ஸப் குரூப்பில் முப்பத்தொரு பேர். குளிருக்குத் தெற்கே போய்விட்டு மார்ச்சில் திரும்பும் முதல் விராலடிப்பானைப் பார்ப்பவருக்கு ஒரு பரிசு உண்டு. கோப்பை, கேடயம் எல்லாம் இல்லை. எடிசனில் இருக்கும் பிச்சுமணியின் மனைவி அனந்தலக்ஷ்மி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குவாளி. நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவதுபோல, ஜெயித்தவர் பெயரை வருஷம் போட்டு அதில் வெட்டுவார்கள். அடுத்த வசந்தம் வரை அது அவர் வீட்டில் இருக்கும். இதுவரை மூன்று வரி வெட்டியாயிற்று. மூன்றும் பிச்சுமணிதான்.

முட்டையைக்கூடத் தொடாத மனுஷன், மீன் தின்னும் பறவையை எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறாரோ. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த அந்தோணிக்கு இது மானப் பிரச்சினை. "நான் ஜெயிச்சா அந்தத் தூக்குல வஞ்சிரக் குழம்புதான்" என்று வருஷா வருஷம் குரூப்பில் சவால் விடுவார். அனந்தலக்ஷ்மி அன்றைக்கே தூக்குவாளியை இன்னொரு தரம் தேய்த்துக் கழுவி வைப்பாள்.

போட்டிக்கு ஒரே விதிதான். குரூப்பில் முதலில் போட்டோ போடுகிறவருக்கே வெற்றி. வாயால் சொல்வதெல்லாம் செல்லாது. இந்த விதியை எழுதியதே அந்தோணிதான்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள், பிடித்த ஏதாவது ஒன்றை விட்டுவிடுவது வழக்கம். போன தவக்காலத்தில் அவர் டீயை விட்டார். நாலாம் நாளே காபிக்கு மாறிக்கொண்டார். "இதெல்லாம் ஒரு ஒறுத்தலா?" என்று மனைவி ஜெயலீலா கேலி செய்தது மனசில் தங்கிவிட்டது. இந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, நெற்றிச் சாம்பல் காய்வதற்குள், சர்ச் பார்க்கிங்கிலிருந்தே குரூப்பில் வீராப்பாக அறிவித்தார்: ஈஸ்டர் வரை வாட்ஸப் கிடையாது. விராலடிப்பானும் தவக்காலத்தில்தான் வரும் என்பது அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை.

ஜெயலீலாவைப் போனில் கூப்பிட்டார்.

"ஜெயா, வந்துடுச்சு. நான்தான் ஃபர்ஸ்ட். போட்டோவை உனக்கு மெயில் பண்றேன். என் லாப்டாப்ல வாட்ஸப்பைத் தொறந்து குரூப்ல நீ போட்டுடு."

"ஒறுத்தல் உங்களுதா, என்னுதா?"

"அவசரம்மா."

"ஞாயித்துக்கிழமை தவக்காலக் கணக்குல வராதுன்னு ஃபாதரே சொன்னாரில்ல? அன்னைக்குப் போடுங்க."

"அதுக்குள்ள ஊரே பாத்துடும். குரூப்புல இருக்கிற அந்த ஷைனா பொண்ணு வீக்கெண்ட் ஆனா பைனாகுலரோட சுத்துது."

"அப்ப ஆண்டவர் உங்களைச் சோதிக்கிறார்னு வெச்சுக்கோங்க. எனக்கு மீட்டிங் இருக்கு." வைத்துவிட்டாள்.

கம்பத்தின் மேல் பறவை நிதானமாக மீனைக் கிழித்துக்கொண்டிருந்தது. அந்தோணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடவுளுக்குக் கொடுத்த வாக்கை ஒரு தூக்குவாளிக்காக மீறவும் மனசு வரவில்லை. அந்தத் தூக்குவாளியை விடவும் மனசு வரவில்லை. இந்த ஒரு தடவைக்கு விதியைத் தளர்த்தச் சொல்லிப் பிச்சுமணியிடமே கேட்டால் என்ன? கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஏழிலிருந்து எட்டு வரை பூஜை. சரி, நேரில் போய் நிற்போம் என்று வண்டியை எடிசனுக்குத் திருப்பினார்.

போகும்போதுதான் ஒன்று தோன்றியது. இருபது நிமிஷ தூரம்தான், ஆனால் அந்த வீட்டு வாசலை மிதித்து ரெண்டு வருஷமாகிறது. சண்டை, சமாதானம், பொங்கல் வாழ்த்து எல்லாம் குரூப்பிலேயே முடிந்துவிடுகிறது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கதவைத் திறந்த அனந்தலக்ஷ்மி ஆளைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "வாங்கோண்ணா. பாத்துட்டேளா?"

"பாத்துட்டேன் மாமி."

அவள் கண் தானாகவே சமையலறை அலமாரிக்குப் போனது. தூக்குவாளி அங்கேதான் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

பிச்சுமணி நெற்றியில் பட்டையோடு வெளியே வந்தார். அந்தோணி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார்: கம்பம், மீன், சாம்பல் புதன், ஜெயலீலாவின் மீட்டிங். பிச்சுமணி பொறுமையாகக் கேட்டார்.

"இவ்வளவுதானே? உங்க போனைக் காட்டுங்கோ." அந்தோணியின் போன் திரையில் இருந்த படத்தைத் தன் போனால் ஒரு படம் பிடித்தார். "இதை நான் போட்டுடறேன், உங்க பேர்ல. விரதம் உங்களுக்குத்தானே, எனக்கில்லையே."

 போட்டியாளர் இப்படி விட்டுக்கொடுப்பார் என்று அந்தோணி எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் போய் நின்று, பிச்சுமணி கேலரியைத் திறப்பதைப் பார்த்தார். இப்போது எடுத்த படத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு படம் இருந்தது. அதே கம்பம், அதே பறவை, இன்னும் தெளிவாக. அந்தோணி கை நீட்டி அதைத் தொட்டுப் பெரிசாக்கினார். செவ்வாய்க்கிழமை, காலை எட்டு நாற்பத்தெட்டு.

"சார், நீங்க முந்தாநாளே பாத்துட்டீங்க."

"பாத்தேன்."

"அப்ப ஏன் போடல?"

பிச்சுமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போடலாம்னுதான் எடுத்தேன். நீங்க குரூப்ல இல்லைன்னு ஞாபகம் வந்துடுத்து. நான் போட்டா முப்பது பேர் கட்டைவிரலைக் காட்டுவா. நீங்கதான் 'இது போன வருஷப் படம்'னு சண்டைக்கு வருவேள், ஜூம் பண்ணி இறகை எண்ணுவேள். அந்த வயித்தெரிச்சல் இல்லாம ஜெயிச்சு என்ன பண்றது? ஈஸ்டர் வரைக்கும் பொறுத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

அந்தோணி வேகமாகத் தலையாட்டி மறுத்தார். "இல்ல சார், இது தப்பு. முதல்ல பாத்தது நீங்க."

"விதி என்ன? குரூப்ல முதல்ல எது வரதோ அதுதான் கணக்கு. என்னுது வரலை." பேசிக்கொண்டே கட்டைவிரலால் அழுத்தினார். "உங்களுது வந்துடுத்து. ஆட்சேபணை இருந்தா குரூப்ல போடுங்கோ."

போட முடியாது என்று தெரிந்தேதான் சொன்னார். சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை போடுவேன். அன்னைக்கு எனக்கு விதிவிலக்கு உண்டு."

"போடுங்கோ. சனிக்கிழமையே ஓக் ட்ரீ ரோட்டுப் பாத்திரக் கடைக்குப் போய்ப் பேரை வெட்டிண்டு வந்துடறேன்."

அப்படியே செய்தார். சனிக்கிழமை சாயங்காலம் தம்பதி சமேதராகப் பிஸ்கட்டவேயில் இருக்கும் அந்தோணி வீட்டுக்கு வந்து தூக்குவாளியைக் கொடுத்தார்கள். மூன்று பிச்சுமணிகளுக்குக் கீழே மரிய அந்தோணி. பாத்திரத்தை வெறுமனே கொடுக்கக்கூடாது என்று அனந்தலக்ஷ்மி அதில் மோர்க்குழம்பு ஊற்றியிருந்தாள். கைப்பிடியை விடும்போது ஒரு விநாடி தயங்கினாள். "இனிமே உங்க இஷ்டம்ணா," என்றாள் பெரிய மனசோடு.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அந்தோணி வாட்ஸப்பைத் திறந்தார். நூற்றுப்பதினாறு வாழ்த்துகள். செவ்வாய்க்கிழமைப் படத்தைப் பற்றி ஒன்று விடாமல் எழுதி, "உண்மையில் ஜெயித்தது பிச்சுமணி சார்தான்" என்று போட்டார். யாரும் நம்பவில்லை. "எவ்வளவு பெருந்தன்மை அங்கிள்" என்று ஷைனா கைகூப்பினாள். "தவக்காலத்தில் தன்னடக்கம் ஜாஸ்தியாக இருக்கும், கண்டுக்காதீங்கோ" என்று பிச்சுமணி எழுதினார். போட்ட கையோடு பதில் வந்துவிட்டதே என்று கடிகாரத்தைப் பார்த்தார் அந்தோணி. மணி பதினொன்று; பிச்சுமணியின் பூஜை எட்டுக்கே முடிந்திருக்கும். அப்போதிருந்தே போனும் கையுமாக இவருக்காகக் காத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

சமையலறையில் வஞ்சிரக் குழம்பு கொதித்து அடங்கியிருந்தது. ஜெயலீலா கழுவிக் கவிழ்த்திருந்த தூக்குவாளியை எடுத்துத் துடைத்தாள்.

"மூணு வருஷ சவால். இதுலயே ஊத்திடவா?"

"வேண்டாம் ஜெயா. அதுல மீன் பட வேண்டாம்."

"ஏன்?"

"அடுத்த மார்ச்சுல அது திரும்ப அவங்க வீட்டுக்குப் போகணும்ல."