அறுபத்தொன்று முதல் எழுபது வரை

ஐந்து பேரும் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, கூடத்தில் கிடத்தியிருந்தவரைப் பார்ப்பதற்கு முன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். தலைமாட்டில் இருந்த அவர் மனைவி அதைக் கவனித்தாள். ஒன்பதேகால். பதினொரு மணிக்கு வண்டி வரும் என்று மகள் எல்லோருக்கும் போனில் சொல்லியிருந்தாள்.

"தொண்ணூறு நிமிஷம் தாராளமா இருக்கு," என்றார் அவர்களில் ஒருவரான டிரைவர். மெதுவாகச் சொல்வதாகத்தான் அவருக்கு நினைப்பு. முப்பது வருஷம் பஸ் இன்ஜினுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. "இன்னைக்கு இடைவேளை வேணாம். நேரா ஓட்டிருவோம்."

அப்புறம்தான் கிடந்தவரைப் பார்த்தார்கள். பார்த்ததும் உடைந்து போனார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். சங்கு என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆள், மைதானத்தில் இவர் சத்தம் போட்டால் எதிர் அணிக்காரன் பந்தை விட்டுவிடுவான் என்பார்கள், கால்மாட்டில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏழு… டேய் ஏழு… சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியேடா."

ஏழு. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. முப்பத்தெட்டு வருஷமாக இவர்கள் வாயில் அது வந்ததில்லை.

நேற்று மதியம் லேத் பட்டறையில் ஒரு ஷாஃப்டைக் கடைந்து முடித்து, துடைத்து, மேஜையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பக்கத்து மெஷின்காரன் எதையோ கேட்டிருக்கிறான். பதில் இல்லை. அவ்வளவுதான். விரல் இடுக்குகளில் இன்னும் எண்ணெய்க் கறுப்பு இருந்தது. காலையில் மகள் சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஐந்து பேரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதற்கு என்று அவளுக்குத் தெரியும். இவர்கள் உயிராக நினைத்த ஊர்க் கால்பந்து அணி, பச்சை அணி, ஆறு இறுதிப் போட்டிகளில் தோற்றிருந்தது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் ஏழாவதில் ஜெயித்தது. டி.வி.யில் காட்டாத ஊர்ப் போட்டி. பேப்பரில் நாலு வரி வந்தது, அதிலும் கோல் அடித்தவன் பெயர் தப்பு. ஆகவே அந்த ஆட்டம் இந்தக் கூட்டாளிகள் ஒன்பது பேரின் வாயில்தான் மிச்சம் இருந்தது. அவர்களோ ஒவ்வொரு நிமிடத்துக்கும் சண்டை போட்டார்கள். யார் பாஸ் கொடுத்தான், மழை எப்போது பிடித்தது என்று ஆரம்பித்து, கடைசியில் ரெண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. அப்போது வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஒரு வழி செய்தார். ஒன்பது பேர், தொண்ணூறு நிமிடம். ஆளுக்குப் பத்து. அவனவன் பத்தில் அவனவன் சொல்வதுதான் நடந்தது. குறுக்கே வாயைத் திறந்தால் எல்லோரும் சேர்ந்து "ஃபவுல்!" என்று கத்துவார்கள், அந்த ஆளுக்கு அந்தச் சுற்று டீ கிடையாது. அவள் கணவருக்கு அறுபத்தொன்று முதல் எழுபது வரை, ஏழாவது பத்து. அதனால் ஏழு.

யாராவது படுத்த படுக்கையானால் தன் பத்தை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போவார். இதுவரை மூணு பேர் அப்படிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவருக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. போனவரை எடுப்பதற்கு முன் தொண்ணூறு நிமிடத்தையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும் என்பதும் இவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம்.

"அம்மா, முகத்தை அப்படி வச்சுக்காத," என்றாள் மகள் காதருகே. "பாசத்துல பண்றாங்க. அப்பாவுக்கும் பிடிக்கும்."

"ஆமா. அப்பாவுக்குப் பிடிக்கும்."

மகள் அந்தக் குரலைக் கேட்டு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு வண்டிக்காரனுக்கு வழி சொல்லப் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார். "மணி நாலு. விசில். பந்து நம்ம கால்ல."

மணி நாலு. அவள் அப்போது ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். காலையில் கொண்டுவந்து சேர்த்தது அவர்தான். முதல் பிரசவம், ராத்திரி ஆகிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். "அப்ப நான் ஒரு எட்டு போயிட்டு ஓடி வந்துடவா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காகத் தன்னை எத்தனையோ வருஷம் திட்டிக்கொண்டாள். பிறகு ஒரு நாள், கேட்டவரை விட்டுவிட்டு ஆட்டிய தலையை ஏன் திட்டுகிறோம் என்று தோன்றி நிறுத்தினாள்.

ஏழு மணிக்கு வந்தார். முகமெல்லாம் பச்சைச் சாயம், மழையில் கரைந்து கழுத்தில் ஓடியிருந்தது. குரல் சுத்தமாகப் போயிருந்தது. கட்டிலைப் பார்ப்பதற்கு முன், அவளைப் பார்ப்பதற்கு முன், காற்று மட்டும் வருகிற தொண்டையில் சொன்னார். "ஜெயிச்சுட்டோம்."

அதன் பிறகுதான் தொட்டிலைத் தேடினார்.

அழுதார், இல்லை என்று சொல்ல முடியாது. கூட்டாளிகளிடம் பத்து நாள் கழித்து, "குழந்தை தங்கல" என்றார். பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எந்த நாள், எத்தனை மணி என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அதே தேதியில் இதே கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவள் ஒன்பது டம்ளர் டீ போட்டாள். அதற்கடுத்த வருஷமும் போட்டாள். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் "ஃபவுல்!" என்று கத்தக் கற்றுக்கொண்டாள். ஒரு வருஷமாவது, "இன்னைக்கு வேணாம்டா, இன்னொரு நாள் வச்சுக்கலாம்" என்று அவர் சொல்வார் என்று அடுப்படியில் நின்று காத்திருந்தாள். அழுதிருந்தால் என்ன ஏதென்று யாராவது கேட்டிருப்பார்கள். கோபத்தை யாரும் கேட்பதில்லை. டீ சூடாக வந்துகொண்டிருக்கும்வரை கேட்பதில்லை.

பத்துகளாக ஆட்டம் நகர்ந்தது. முதல் கோல் நம் பக்கம் விழுந்தது, நாற்பத்தொன்றில் சமன் செய்தோம், மழை பிடித்தது. ஓரிரு இடத்தில் சிரிப்புக்கூட வந்தது. அறுபதை முடித்துவிட்டு டிரைவர், பழக்க தோஷத்தில், கிடந்தவர் பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.



"யாராச்சும் சொல்லுங்கப்பா," என்றார் குமாஸ்தா. "அவன் பத்துதான் உசிரு. பெனால்டி அதுலதான இருக்கு."

"அறுபத்தாறுல," என்றார் சங்கு. "நம்ம கோல்கீப்பர் இடது பக்கம் பாஞ்சு…"

"வலது பக்கம்டா," என்றார் டிரைவர்.

"இடது. நான் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடியே நின்னேன்."

"நின்ன. கண்ணை மூடிட்டு நின்ன. நீயே சொல்லியிருக்க."

"முப்பத்தெட்டு வருஷம் சொன்னான்! ஒருத்தனும் கேக்கலையா?" என்று குமாஸ்தா அதட்டினார்.

ஒருத்தரும் கேட்கவில்லைதான். அவளுக்குத் தெரியும். அவர் தன் பத்தைச் சொல்லும்போது மற்ற எட்டு பேரும் தலையாட்டிக்கொண்டே, தங்கள் முறை வந்தால் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உதடு அசைவதை அடுப்படியிலிருந்தே பார்த்திருக்கிறாள். கேட்டது அவள் ஒருத்திதான். கோலி வலது பக்கம் தப்பாகப் பாய்ந்தான். தோற்றுவிட்டோம் என்று கண்ணை மூடினான். பின்னால் இழுபட்டு வந்த இடது குதிகாலில் பந்து தானாகப் பட்டு வெளியே போனது. வார்த்தைக்கு வார்த்தை, எங்கே மூச்சு விடுவார் என்பது முதற்கொண்டு அவளுக்குத் தெரியும்.

குமாஸ்தா அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உனக்குக் கேட்டிருக்கும். அவன் பத்து உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்பாடா!" என்றார் டிரைவர். ஐந்து முகத்திலும் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அவளுக்குள் என்னவோ எழுந்து நின்றது. இன்னும் அரை மணியில் இவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பத்து நிமிடமும் இவர்களுடையதாகவே கூடப் போய்விடும். அப்புறம் அங்கே வேறு எதுவும் நடந்ததாக இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"சொல்லு தங்கச்சி. உன் பத்துன்னே வச்சுக்க."

அவள் முதுகை நிமிர்த்தினாள்.

"அறுபத்தொண்ணு. என்னைத் தள்ளுவண்டில ஏத்தறாங்க. ஒரு சக்கரம் கிறீச் கிறீச்சுன்னு கத்துது. நர்ஸ் கேக்கறா, 'கூட யாரும்மா?' நான் சொல்றேன், 'வந்துருவாரு.'"

"அண்ணி," என்றார் சங்கு, "நீங்க என்னமோ…"

"ஃபவுல்," என்றார் குமாஸ்தா. கத்தவில்லை. அவர் கண் அவள் முகத்தில் இருந்தது. "குறுக்க பேசாத."

"அறுபத்திரெண்டு. கையெழுத்து போடணுங்கறாங்க. நானே போடறேன். பேனா எழுதல, உதறி உதறிப் போடறேன். கதவுக்கு மேல கடிகாரம். அஞ்சு பதினாறு. அறுபத்திமூணு. டாக்டர் வயித்துல கை வச்சுப் பாக்கறாரு. அதுவரைக்கும் கிண்டல் பேசிட்டு இருந்த மனுஷன் பேச்சை நிறுத்திட்டாரு. அறுபத்திநாலு."

அந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

அறுபத்திநான்கு வரும்போது அவர் தண்ணீர் கேட்பார். ஒவ்வொரு வருஷமும். "அறுபத்திநாலு… கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்." அவள் செம்பில் கொண்டுபோய்க் கொடுப்பாள். நிறுத்தாமல் குடித்துவிட்டு நேராக அறுபத்தைந்துக்குப் போவார். கத்திக் கத்திச் சொல்வதில் தொண்டை வறள்கிறது என்று நினைத்திருந்தாள். பிறந்த நேரம் ஐந்து பதினெட்டு என்று போட்ட சீட்டை ஆஸ்பத்திரியில் கையெழுத்திட்டு வாங்கியது அவர்தான். நாலு மணி விசிலையும் பதினைந்து நிமிட இடைவேளையையும் கூட்டிக் கழிக்கத் தெரியாதவர் இல்லை. நூலிழை அளவுக்குக் கடைந்து கொடுக்கிறவர்.

தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஒவ்வொரு வருஷமும் அந்த நிமிடத்தைத் தாண்டியிருக்கிறார். தாண்டத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது அவளுடைய கை. விழுங்குவதற்குக் கேட்டாரா, இல்லை அந்த ஒரு நிமிடமாவது அவள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று கூப்பிட்டாரா? பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது. தோளில் கை வைக்கிற தூரத்தில்தான் கிடந்தார். வாயைத் திறந்து கேட்டிருந்தால் அவளும் பதில் சொல்லியிருப்பாளே, எத்தனை வருஷம் இருந்தது!

"அறுபத்திநாலு," என்றாள் மறுபடி, அவரைப் பார்த்து, சத்தமாக. "பொறந்துது. அழல.

"அறுபத்தஞ்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அழும்னு சொல்வாங்களேன்னு காத்துக்கிட்டு இருக்கேன். அறுபத்தாறு. தலைகீழாப் பிடிச்சு முதுகுல தட்டறாங்க. அந்தச் சத்தம் மட்டும் கேக்குது. உங்க பெனால்டி இங்கதான். அறுபத்தேழு, தட்டறாங்க. அறுபத்தெட்டு, நிறுத்திட்டாங்க. அறுபத்தொம்பது. துணில சுத்தி, 'பாக்கறியாம்மா, பையன்'னு கேக்கறா. பாத்தேன். காது மடிஞ்சிருக்கு. இவரு காது மாதிரியே. எழுபது. வாங்கிட்டுப் போயிட்டாங்க."

ஜன்னல் பக்கம் மகளின் போனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள். மகள் அதைக் காதிலிருந்து எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

"அதே நாளா," என்றார் டிரைவர். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு மெதுவாகப் பேச வந்தது. "அண்ணி, சத்தியமா எங்களுக்கு… ஒரு வார்த்தை சொல்லலையே அவன்."

"நீங்களும் கேக்கல."

"டீ போட்டுக் குடுத்தீங்களே அண்ணி. ஒவ்வொரு வருஷமும்…"

"ஆமா. போட்டுக் குடுத்தேன்." குமாஸ்தாவைப் பார்த்தாள். "எழுபத்தொண்ணு உங்களோடதுண்ணே. ஆரம்பிங்க. நேரமாகுது."

குமாஸ்தா வாயைத் திறந்தார். "எழுபத்தொண்ணு," என்றார். "எழுபத்தொண்ணுல த்ரோ…" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார். அந்த ஆட்டத்தில் அதற்கு மேல் யாரும் போகவில்லை. எண்பத்திமூன்றாவது நிமிடத்தில் மழையில் தலையால் முட்டி விழ வேண்டிய கோல் அன்று விழவில்லை.

வெளியே வண்டி வந்து நின்றது.

எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டும்போது சங்கு அவள் பக்கத்தில் வந்தார். கண் சிவந்திருந்தது. கேட்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்திருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு ரெண்டு தடவை திரும்பியும் போனார். ஆனாலும் கேட்டுவிட்டார்.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. கோலி… எந்தப் பக்கம் பாஞ்சான்?"

"தெரியும்," என்றாள்.

அவர் காத்திருந்தார். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

ஐந்து பேரும் பட்டறை ஆள் ஒருவனும் தூக்கினார்கள். வாசல்படியில் "பாத்து, பாத்து" என்று மட்டும் யாரோ சொன்னார்கள். பின்கதவைச் சாத்திவிட்டு, வண்டிக்காரன் கையைத் துடைத்தபடி கேட்டான். "முன்னாடி சீட்ல ஒருத்தர் வரலாம். யாரு?"

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அம்மா, நீ என்கூட பின்னாடி கார்ல…" என்று மகள் ஆரம்பித்தாள்.

அவள் முன்பக்கம் போய், கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்து கதவை இழுத்தாள். சரியாகச் சாத்தவில்லை. திறந்து, மறுபடி ஓங்கிச் சாத்தினாள்.