இரண்டு மூட்டை இடம்

கிருஷ்ணம்மா முதலில் வண்டியை நிறுத்தவில்லை. காஹாங் ரோட்டோரம் ஜாவாக்காரன் ஒருவன் குப்புறக் கிடந்தான். பார்க்காதவள்போல் மாட்டை அதட்டினாள். பொழுது சாய்வதற்குள் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகள் சப்பான்காரன் கேம்ப்புக்குப் போய்ச் சேர வேண்டும். செவலைக்கோ நுகத்தடி உரசிக் கழுத்தெல்லாம் புண். தன் சீலையைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். ஏற்றம் வந்தால் இவளே இறங்கி வண்டியைத் தள்ளினாள். இதில் இன்னொரு ஆளை எங்கே ஏற்றுவது?

வளைவு தாண்டியும் மனம் நிலைகொள்ளவில்லை. சயாம் ரயில் வேலைக்குச் சப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன புருஷன் அய்யாவுவைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அவரும் இப்படி எங்காவது... நினைப்பை முடிக்கப் பயந்து வண்டியைத் திருப்பினாள்.

"ஆயேர்," என்று முனகினான் அவன். போத்தல் தண்ணீரை வாயில் சாய்த்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. இரண்டு மூட்டைகளை இழுத்து லாலான் புல்லுக்குள் மறைத்துவிட்டு, அந்த இடத்தில் அவனைக் கிடத்தினாள். மூட்டைக் கனம்கூட இல்லை அவன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ரபேல் வண்டியில் கிடந்தவனைப் பார்த்ததும் ஓர் அடி பின்வாங்கினார். "கேம்ப்புல இருந்து ஓடி வந்தவனா இருப்பான். தெரிஞ்சா என் தலை போயிரும், கிருஷ்ணம்மா."

"எனக்குந்தான் ஐயா. ரோட்டுல விட்டா நாய் இழுத்துரும்."

ரபேல் வாசலை எட்டி எட்டிப் பார்த்தார். "பால்வெட்டு நின்னதுல இருந்து ரப்பர் ஷீட்டு காயப்போடுற கொட்டாய் சும்மாதான் கெடக்கு. அங்க படுக்க வைப்போம்."

திரும்பி வந்தபோது லாலானுக்குள் மூட்டைகள் இல்லை. பசித்தவன் எவனோ. வையவும் தோன்றவில்லை.

கேம்ப்பில் குறைந்த மூட்டைகளுக்காகக் காவல்காரன் அவள் கன்னத்தில் அறைந்து, வெயிலில் சரளைக்கல்மேல் முட்டி போட வைத்தான். செவலை நுகத்தோடு நுரை தள்ளி நின்றது. மொழிபெயர்ப்பாளன் ஜெயபாலனைப் பார்த்துச் சொன்னாள்:

"தம்பி, நான் இப்படியே கெடக்குறேன். மாட்ட மட்டும் அவுத்துவிடச் சொல்லு."

"வாய மூடுங்கக்கா. இன்னும் அடி விழும்."

ஆனாலும் தயங்கித் தயங்கிச் சொன்னான். காவல்காரன் செவலையிடம் போய்த் துணியைத் தூக்கிப் புண்ணைப் பார்த்தான். வெட்டித் தின்ன உத்தரவு போடுவானோ என்று பயந்தாள். அவன் மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டினான், வாளியில் தண்ணீர் வைத்தான். திரும்பி வந்தவன் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

நிழல் நீண்ட பிறகு விட்டார்கள். மறுநாளே இரண்டு மூட்டையும் வந்தாக வேண்டுமாம். வண்டியை அங்கேயே போட்டுவிட்டுச் செவலையை நடத்திக்கொண்டு வந்தாள்.

கொட்டாயில் ஜாவாக்காரன் கஞ்சி குடித்திருந்தான்; கண் திறந்திருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை.

அவள் நிற்காமல் வீட்டுப் பின்புறம் போய், முற்றாத மரவள்ளியைப் பிடுங்கத் தொடங்கினாள். ரபேல் பின்னாலேயே வந்தார்.

"முட்டி வீங்கியிருக்கு. நீ உக்காரு, நான் பிடுங்குறேன்."

அவள் உட்காரவில்லை. அவரும் குனிந்து அடுத்த செடியைப் பற்றினார்.