புல்லுக்கு விட்ட காற்று

திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு சூர்யநாராயணன் கேம்ப் ரோடு டயாலிசிஸ் சென்டரின் மூன்றாம் நம்பர் கட்டிலில் படுத்துக்கொள்வார். நான்கு மணி நேரம். இடது கை மெஷினுக்கு, வலது கை அவருக்கு. அந்த வலது கையால் முன்பெல்லாம் புத்தகம் பிடித்துப் படித்தார். இப்போது அதற்கும் அலுப்பு. எதிர்ச் சுவரில் இருந்த மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நேரத்தைக் கழித்தார்.

அது வெறும் மீன் தொட்டி இல்லை. தரை முழுக்கப் புல், நடுவே ஒரு மரவேர், அதன்மேல் பாசி. சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட சின்ன மீன்கள் இருபது இருபத்தைந்து. தொட்டிக்குக் கீழே அலமாரியில் ஒரு சிலிண்டர். அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு போய், தண்ணீருக்கடியில் ஒரு வெள்ளை வில்லை வழியாகப் புகை மாதிரி நுணுங்கி வெளியே வரும். "செடிக்குச் சாப்பாடே இதான் சார். தண்ணிக்குள்ள அது தானா கிடைக்காது, நாமதான் விடணும்" என்று தொட்டியைப் பராமரிக்கும் ஜெயவேலு ஒருமுறை சொல்லியிருந்தான்.

நேற்று அவன் வந்து புதுச் சிலிண்டர் மாட்டி, குமிழியையும் கூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தான். வெள்ளிக்கிழமை இரண்டாவது ஹால் திறக்கிறார்கள், போட்டோ எடுப்பார்கள், அதற்குள் புல் அடர்த்தியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நொடிக்கு ஒன்றாக இருந்த குமிழி இன்று காலை ஆறு மணிக்கு விளக்கு எரிந்ததுமே கயிறு மாதிரி விடாமல் ஏறியது. எட்டு மணிக்குள் புல் நுனியெல்லாம் முத்து முத்தாகக் காற்று கோத்து நின்றது. நர்ஸுகள் ஆளுக்கொரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

எட்டரைக்கு மகள் மாளவிகா உள்ளே வந்தாள். முப்பத்து நான்கு வயது. செம்பாக்கம் வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான். மூன்று வருடமாக வாரத்தில் மூன்று விடியற்காலை அவரைக் காரில் ஏற்றி வந்து, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்து வேலை பார்க்கிறாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் நிரந்தரமாகிவிட்டது. இப்போது கம்பெனியில் பூனாவுக்கு அழைக்கிறார்கள். பெரிய பதவி. மூன்று வருடத்தில் முதல்முறையாக அவள் போன வாரம் ஒரு பாட்டை முணுமுணுத்ததை சூர்யநாராயணன் கேட்டிருந்தார்.

"அப்பா, பன்னிரண்டு மணிக்குள்ள பதில் சொல்லணும். சரின்னு மெயில் அனுப்பிடட்டுமா?"

"அனுப்பும்மா. அதான் என்னை இங்க கூட்டிட்டு வர ரத்தினம் ஆட்டோ பேசியாச்சே."

"நீங்க நல்லா இருக்கீங்கதானே? டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். மூச்சு வாங்க ஆரம்பிச்சா வாரத்துக்கு நாலு தடவை பண்ணணும், பக்கத்துல ஆள் இருக்கணும்னு."

"எனக்கென்ன. கல்லு மாதிரி இருக்கேன்."

ஒவ்வொரு முறையும் ஊசி போடுவதற்கு முன் கிறிஸ்டினா சிஸ்டர் "மூச்சு வாங்குதா சார்?" என்று கேட்பாள். இரண்டு வாரமாக அவர் "இல்லம்மா" என்றுதான் சொல்லி வருகிறார். எடையும் சரியாகவே காட்டியது. அவள் டிக் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். இன்னும் சில நாள். மாளவிகா ரயில் ஏறும்வரை. பிறகு நடப்பது நடக்கட்டும்.

"இன்னா சார், மீனெல்லாம் மேல வந்துகினு உன்னியே பாக்குது?" என்றாள் நாலாம் நம்பர் கட்டில் எல்லம்மா. "எதுனா சொந்தமா?"

சூர்யநாராயணன் திரும்பிப் பார்த்தார். மீன்கள் அத்தனையும் தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. தலை மேலே, வால் கீழே. வாய் திறந்து மூடித் திறந்து மூடியது. செவுள் வேகவேகமாக அடித்துக்கொண்டது.

"பசி போல" என்று கிறிஸ்டினா தீனி டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை தூவினாள். தீனி மிதந்தது. ஒரு மீன்கூடத் தொடவில்லை.

"சோறு போட்டும் துன்ன மாட்டேங்குது பாரு. எங்க வூட்டுக்காரரு மாதிரி" என்றாள் எல்லம்மா.

"சிஸ்டர், அது பசி இல்ல" என்றார் சூர்யநாராயணன். "கேஸை நிறுத்துங்க."

"ஐயோ சார், அதுல கை வைக்கக் கூடாது. போன மாசம் பெருக்கற அக்கா தெரியாம திருகிட்டாங்க, ஒரே நாள்ல சிலிண்டர் காலி. டாக்டர் எல்லாரையும் நிக்க வச்சுத் திட்டினார்."

"ஜெயவேலுவுக்கு போன் போடுங்க."

அவள் ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் வண்டிச் சத்தம். "மேடம், உள்ள கண்ணாடி உருண்டை ஒண்ணு ஒட்டியிருக்கேன்ல, அதுல தண்ணி என்ன கலரு?"

"பச்சை."

"பச்சைன்னா கரெக்டா இருக்குன்னு அர்த்தம். மஞ்சளானாதான் கேஸ் ஜாஸ்தி, மீனுக்கு மூச்சு முட்டும். சின்ன மீனு, காலைல பசிக்கும். நான் மதியம் வந்து பாக்கறேன்."

"அந்த உருண்டை கலர் மாற நேரம் எடுக்கும்னு அவனே என்கிட்ட சொல்லியிருக்கான்" என்றார் சூர்யநாராயணன். ஆனால் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

கிறிஸ்டினா ஐந்தாம் கட்டிலில் அலறிய மெஷினை நோக்கி நகர்ந்தாள். அவர் எழுந்துகொள்ளப் பார்த்தார். இடது கையில் இரண்டு ஊசிகள், இரண்டு சிவப்புக் குழாய்கள். வால்வு பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்தது.

"அப்பா, அசையாதீங்க. என்ன இப்போ, அவங்கதான் பசின்னு சொல்றாங்களே" என்றாள் மாளவிகா. கட்டைவிரல் போனின்மேல் இருந்தது.

ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து, சுழன்று, மறுபடி நிமிர்ந்து மேலே வந்து வாயைத் திறந்தது.

"பசி இல்லம்மா. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும் சார்?" என்று கிறிஸ்டினா அங்கிருந்தே கேட்டாள். கேலியாக அல்ல, விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பவளின் குரலில்.

சூர்யநாராயணன் மாளவிகாவின் விரலைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும். மெயில் போய்விடும். செத்தால் இருபது மீன். ஜெயவேலு வேறு இருபது கொண்டுவந்து விடுவான்.

சாய்ந்த மீன் இந்த முறை நிமிரவில்லை.

"நானும் அப்படித்தான் நின்னுக்கிட்டிருக்கேன்" என்றார். "ரெண்டு வாரமா. ராத்திரில படுத்தா மூச்சு வரல. நாலு மணிக்கு எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, இதே மாதிரி வாயைத் திறந்துகிட்டு. பசிச்சா யாரும் அப்படி நிக்க மாட்டாங்க சிஸ்டர். தயவுசெஞ்சு மூடுங்க."

கிறிஸ்டினா அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு நேராக அலமாரிக்குப் போய்க் குனிந்து வால்வைத் திருகினாள். குமிழிக் கயிறு மெலிந்து, புள்ளிகளாகி, நின்றது.

"தண்ணியக் கலக்கி வுடும்மா" என்றாள் எல்லம்மா. "எங்க ஊர் ஏரில மீனு இப்பிடி வாயப் பொளந்தா, எறங்கி தண்ணிய வாரி அடிப்பாங்க."

கிறிஸ்டினாவுக்கு அதற்கு நேரமில்லை. அவள் சூர்யநாராயணனின் கட்டில் தலைப்பக்கத்தை உயர்த்தி, விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டி, டாக்டருக்கு போன் செய்துகொண்டிருந்தாள். "தூங்கும்போது தலைக்கு எத்தனை தலைகாணி வைக்கறீங்க சார்? உண்மையச் சொல்லுங்க."

"மூணு."

மாளவிகா மெயிலை அனுப்பாமலே போனைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். கழுவும் இடத்திலிருந்து ஒரு மக்கை எடுத்து அலம்பினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தொட்டித் தண்ணீரையே மொண்டு, உயரத் தூக்கி, மெல்ல ஊற்றினாள். மறுபடி மொண்டாள். சுடிதார்க் கை முழங்கைவரை நனைந்தது. அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"மாளு..." என்றார்.

"பேசாதீங்கப்பா. மூச்சு வாங்கும்."

கோபமா அழுகையா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. அரைமணி நேரம் ஊற்றினாள். இரண்டு மீன்கள் மட்டும் வெளுத்துப்போய்ப் புல்மேல் கிடந்தன. மற்றவை ஒன்றிரண்டாக மேல்மட்டத்தை விட்டுக் கீழே இறங்கின. முதலில் தயங்கி, பிறகு வேரின் நிழலுக்குள்.

கிறிஸ்டினா சார்ட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். "டாக்டர்கிட்ட பேசிட்டேன் மேடம். இந்த வாரத்துலேர்ந்து நாலு தடவை. இருக்கற மூணு நாளோட சனிக்கிழமையும்."

மாளவிகா நாற்காலியிலிருந்து இறங்கினாள். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

"சனிக்கிழமையும் காலை ஷிஃப்ட்தானா சிஸ்டர்?" என்று கேட்டாள்.