ஹாரனுக்கு முந்திய விசில்

எனக்குத் தெரிந்த விளையாட்டு கபடி ஒன்றுதான். எங்கள் சேனலில் கபடி வர்ணனைக்கு நான் வாயைத் திறந்தால் பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'சங்கு'. நான் கோபித்துக்கொள்ளவில்லை. தொண்டைதானே எனக்குச் சோறு போடுகிறது!

கபடி சீசன் முடிந்த மறுநாள் தயாரிப்பாளர் கூப்பிட்டார்.

"உலக விளையாட்டு வாரம்னு ஒண்ணு போடறோம். தினமும் ஒரு நாட்டு விளையாட்டு. நீயும் விசிலும் தமிழ்ல பேசுங்க. ஆனா ஒண்ணு. பார்க்கிறவங்க ரிமோட்ட எடுத்து இங்கிலீஷுக்கு மாத்திட்டாங்கன்னா, தமிழ்ப் பெட்டிய இழுத்து மூடிடுவேன்."

பெட்டி என்றால் மைக்கும் திரையும் வைத்த எங்கள் கண்ணாடி அறை.

"அப்போ கபடிக்கு?"

"கபடிக்கும் இங்கிலீஷ்தான்."

கபடிக்கு இங்கிலீஷா?

விசில் என்பவர் என் ஜோடி. கால்பந்து நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். விதிதான் அவருக்கு உயிர். கண்ணால் பார்க்காத எதையும் சொல்லவே மாட்டார். வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். ஆட்டம் சூடு பிடித்தால் மட்டும் மேசைக்கு அடியில் அவர் கால் தானாக உதைக்கும். என் முழங்கால் முழுக்க நீலம்.

வாரம் எங்களை வறுத்து எடுத்தது. ஜப்பானியர் உயிரை விடும் சுமோவில், நான் மூச்சு வாங்கி முதல் வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் ஆட்டமே முடிந்து வணக்கம் போட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் பேஸ்பாலில் ஒருவர் பந்தை அடித்துவிட்டு மட்டையைக் கீழே போட்டு ஓடினார். "ஐயையோ, மட்டைய மறந்துட்டு ஓடறாரே, யாராவது எடுத்துக் குடுங்களேன்!" என்று கத்திவிட்டேன். மட்டையோடு ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? நியூசிலாந்துக்காரர்கள் கொண்டாடும் ரக்பியில், பந்தோடு ஓடியவரை நாலு பேர் அமுக்கியதும், கபடி நினைப்பில் "ரெய்டர் அவுட்!" என்றேன். விசில் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"உங்க அத்தான் பத்து நிமிஷத்துல ரிமோட்ட எடுத்துட்டார்டி. உன் தங்கச்சி உளறறாங்கிறார்."

அத்தானே மாற்றினால் ஊரில் யார் கேட்பார்கள்?

கடைசி நாள் கனடாவின் ஐஸ் ஹாக்கி, இறுதிப் போட்டி. அங்கே ராத்திரி, எங்களுக்குக் காலை. இந்த முறை விடக் கூடாது என்று பழைய ஆட்டங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து வைத்திருந்தேன். பந்து கிடையாது, கறுப்பு ரப்பர் வட்டு. காலில் கத்தி போட்ட காலணி. உள்ளூர் அணி கோல் போட்டால் அரங்கமே அதிர ஒரு ஹாரன் அடிப்பார்கள். வெளியூர் அணி போட்டால் ஹாரன் கிடையாது, எழவு வீட்டு அமைதிதான்.

என்ன ஆட்டம் அது! சிவப்புச் சட்டை உள்ளூர், வெள்ளைச் சட்டை வெளியூர். இவர்கள் ஒன்று போட்டால் அவர்கள் ஒன்று போட்டார்கள். கண்ணாடித் தடுப்பில் ஆளை ஆள் இடித்த இடியில் எனக்குத் தோள் வலித்தது. நேரம் முடிந்தும் சமநிலை. இனிக் கூடுதல் நேரம், முதல் கோல் யாருடையதோ கோப்பை அவர்களுக்கு. நான் நாற்காலியில் இல்லை, நின்றுகொண்டிருந்தேன். விசிலின் கால் தறி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு உதை. திரை கறுத்துவிட்டது.

வெளியே ஊருக்கெல்லாம் படம் தெரிகிறது. எங்கள் திரைக்கு மட்டும் இல்லை. ஹெட்போனில் அரங்கத்துச் சத்தம் மட்டும் ஜோராக வந்துகொண்டிருந்தது. விசில் எங்கள் இருவர் மைக்கையும் அணைத்தார்.

"தயாரிப்பாளர்கிட்ட சொல்லிடுவோம்."

"சொன்னா அடுத்த நொடி இங்கிலீஷுக்கு மாத்திடுவார். அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கார்!"

"பார்க்காம எப்படிம்மா பேசறது? நான் என் வாழ்க்கையில பார்க்காததுக்கு விசில் ஊதினது கிடையாது."

"நீங்க ஊத வேணாம். நான் ஊதறேன்!"

சட்டென்று அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். "அக்கா, டிவி பார்த்துக்கிட்டுதானே இருக்க? நடக்கிறத அப்படியே சொல்லு, ஏன்னு கேக்காத!"

"சிவப்புச் சட்டைக்காரன் ஓடறான்டி... வழுக்கிட்டுப் போறான்... வெள்ளைக்காரன் குறுக்க வந்துட்டான்!"

என் மைக்கைப் போட்டு, அதை மெருகேற்றி விட்டேன். ஹெட்போனில் தயாரிப்பாளர் சீறினார்: "என்ன சங்கு, ஏழு செகண்ட் லேட்டா பேசறே? தூங்கறியா?"

அடச்சே! வீட்டுக்குப் படம் போய்ச் சேர ஏழு விநாடி ஆகும். பெட்டியிலேயே குடியிருக்கிற எனக்கு அது எப்படி மறந்தது? அக்கா வேறு, "நான் சொன்னதையே டிவியில நீ திருப்பிச் சொல்றியே, அத்தான் முறைக்கிறார்" என்றாள். போனை மேசையிலேயே போட்டுவிட்டேன்.

மிச்சமிருந்தது காது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டேன். சரக் சரக் என்று கத்திக் காலணிகள். டொக் என்றால் வட்டு தடுப்பில் பட்டது. டிங் என்றால் கோல் கம்பி!

"கம்பி! கம்பியில பட்டுத் தப்பிச்சது! மயிரிழைதான் நேயர்களே, மயிரிழை!"

தயாரிப்பாளர் சீறவில்லை. அப்படியானால் சரி! பேசிக்கொண்டே மேசைக்கு அடியில் புகுந்தேன், ஹெட்போனும் அதன் மைக்கும் என்னோடு வந்தன. அங்கே ஒயர்கள் பின்னிக் கிடந்தன. ஒரு முனை பிடுங்கிக்கொண்டு தரையில் விழுந்திருந்தது. எந்தத் துளைக்கு அது என்று தெரியவில்லை. ஒன்றில் செருகினேன், இல்லை. "கூட்டம் எழுந்துடுச்சு, என்னமோ நடக்கப்போகுது!" இன்னொன்று, அதுவும் இல்லை. அரங்கம் ஓவென்று பொங்கியது.

ஹாரன் அலறியது.

"கோல்! கோல்! கோல்! சிவப்புக்குக் கோப்பை!" மேசைக்கு அடியிலிருந்து அப்படி ஒரு கத்தல் கத்தினேன். தலை மேசையில் இடித்தது. வலிக்கவே இல்லை.

அப்போதுதான், அதுவரை ஊமையாக இருந்த விசில் தன் மைக்கைப் போட்டார்.

"கோல் இல்ல."

"அண்ணே, ஹாரன் அடிச்சுட்டாங்க!"

"விசில் முந்திடுச்சும்மா. ஹாரனுக்கு முன்னாடி நடுவர் ஊதிட்டார். ஊதினா ஆட்டம் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் வட்டு வலைக்குள்ள போனாலும் கோல் கிடையாது."

"பார்த்தீங்களா?"

"விசில் சத்தத்த நான் பார்க்க வேணாம்."

இத்தனையும் ஊர் கேட்க நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஹெட்போனில் தயாரிப்பாளர், "ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி?" என்று அலறினார். அரங்கமோ ஆடிப் பாடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது தப்பென்றால் பெட்டி போச்சு. அவர் சொன்னது தப்பென்றாலும் போச்சு. ஆனால் ஜன்னலைத் திறந்து பார்க்காமல் மழை என்று சொல்லாத மனிதர், உலகமே கோல் என்று கூத்தாடும்போது இல்லை என்கிறார்!

"நேயர்களே, நான் கத்தினத வாபஸ் வாங்கறேன். கோல் இல்லை. விசில் அண்ணன் சொன்னா சொன்னதுதான்."

சொல்லிக்கொண்டே ஒயரைக் கடைசித் துளையில் செருகினேன். மேலே திரை வெளிச்சம் அடித்தது. எழுந்து பார்த்தால், நடுவர் இரண்டு கைகளையும் அகல விரித்து வீசிக்கொண்டிருக்கிறார். கோல் இல்லை!

நான் விசிலைக் கட்டிக்கொண்டேன். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. மேசையில் கிடந்த போனிலிருந்து அக்கா அலறினாள்: "அடியே, கோல் இல்லையாம்டி! இப்பதான் டிவியில விசில் அண்ணன் சொல்றார்!"

அதற்கப்புறம் வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒரே பாய்ச்சலில் வலைக்குள் அடித்து முடித்தார்கள். ஹாரன் இல்லை, அமைதி. "இப்போ கோல்!" என்று விசில்தான் கத்தினார். கண்ணால் பார்த்துவிட்டாரே!

தயாரிப்பாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இங்கிலீஷ் வர்ணனைக்காரங்களே கோல்னு ஏமாந்துட்டாங்கய்யா. நீங்க மட்டும் எப்படிப் பார்த்தீங்க?"

நான் விசிலின் காலை மிதித்தேன். பிரயோஜனமில்லை.

"பார்க்கலை சார். திரை போயிடுச்சு. கேட்டோம்."

தயாரிப்பாளர் கறுப்பு ஒயரையும் தூசி அப்பிய என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன். ஸ்பீக்கரில் அக்கா இன்னும் இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அத்தான் இங்கிலீஷுக்கு மாத்தினாரா?"

"எங்கேருந்து மாத்தறது? நீ கோல்னு கத்தினப்ப குதிச்சார் பாரு, கீழ கிடந்த ரிமோட்ட மிதிச்சு ரெண்டா ஒடைச்சுட்டார். இப்ப கட்டிலடியில பேட்டரி தேடறார். இனிமே இந்த வீட்டுல தமிழ்தான்டி!"

தயாரிப்பாளர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கபடி என்னிக்கு ஆரம்பிக்குது?" என்றார்.

தேதியைச் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குக் குரல் வரவில்லை. விசில்தான் சொன்னார்.