கயிற்றுக்கு ஓர் ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கயிற்றுக்காரன் போன் செய்து, வரவில்லை என்றான்.

“இந்தத் தனி வேலை முதலாளி காதுக்குப் போனா ரெண்டு பேர் பொழப்பும் போச்சு. நீ எப்படியும் வேலைய விடப்போற. நான் விடலையே.”

பல்லிக்குக் கோபம் வரவில்லை. மரம் வெட்டும் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து இவன் மேலே, அவன் கீழே. இவன் அறுக்கும் கிளையைக் கயிற்றில் தாங்கி இறக்குவது அவன் வேலை. பல்லி என்று பட்டப்பெயர் வைத்ததும் அவன்தான். பிடி இல்லாத இடத்திலும் ஒட்டிக்கொள்வானாம்.

ஒட்டியது போதும் என்று பல்லிக்குத் தோன்றி வெகுநாள் ஆகிறது. முதலாளிக்கு எல்லா மரமும் ஒரே மரம். உச்சியை மொட்டையடி, அடுத்த வீட்டுக்கு ஓடு. எதை எடுத்தால் மரம் பிழைக்கும் என்று நின்று பார்க்க நேரம் கிடையாது. சொந்தமாகச் செய்தால் பார்க்கலாம்.

மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறாள். தொழில் காலூன்றும்வரை அவள் சம்பளத்தில் வீடு ஓடும். திட்டம் அவ்வளவுதான். ஆனால் அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. கணவன் மரத்தின் மேல் நிற்பதை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

“எங்க அண்ணன் வீட்டு மரத்துல செஞ்சு காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்.”

சரி என்றால் மறுநாளே முதலாளியிடம் சொல்லிவிடுவது. இல்லை என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவது. இருவரும் ஒத்துக்கொண்டுதான் அவள் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது மரம் இருக்கிறது, ரம்பம் இருக்கிறது, கயிறு பிடிக்க ஆள் இல்லை.

“நான் புடிக்கிறேன் மாப்ள” என்றார் மச்சான்.

“உனக்கு இடுப்பு புடிச்சிருக்கு. அதைப் புடிச்சுக்கிட்டு உக்காரு” என்றாள் அவர் தங்கை, பல்லியின் மனைவி. “கயித்த நான் புடிக்கிறேன்.”

உள்ளே போய், அண்ணனின் பழைய பேண்ட்டைக் காலில் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஹெல்மெட்டை வாங்கித் தானே மாட்டிக்கொண்டாள்.

பின்பக்கம் நின்றது வாகை மரம். நல்ல மரம். சமையலறைக் கூரைக்கு மேலே நீண்ட மூன்று கிளைகள் மட்டும் பட்டுப்போயிருந்தன. பல்லி அவளுக்குக் காட்டினான். கிளையில் கட்டிய கயிறு மேலே கப்பியில் ஏறி இறங்கும். அடிமரத்தை மூன்று சுற்றுச் சுற்றிக் கைக்கு வரும். கனத்தை மரம் தாங்கும், கை பிடித்துக்கொண்டால் போதும்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவ்வளவு மட்டும் இல்லை. முதல் கிளை முறிந்ததும் அவள் உயிரைப் பிடிப்பதுபோல் கயிற்றைப் பிடித்தாள். கிளை முழம்கூட இறங்காமல் வெடுக்கென்று நின்றது. மரமே குலுங்கியது. பல்லி கால் நழுவி, இடுப்புவாரில் தொங்கி, ஒரு சுற்றுச் சுற்றித் தோளால் மரத்தில் மோதினான்.

“ஒண்ணும் ஆகலம்மா” என்றான் மேலிருந்து. “விட்டுப் புடி. நீ இறுக்கினா நான் ஆடுவேன்.”

“அது அவளுக்கு வராது மாப்ள” என்றார் மச்சான் நாற்காலியிலிருந்து. “கல்யாணத்துலேர்ந்து என்னிக்காவது விட்டிருக்காளா?”

அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. முடிந்தது கதை என்று பல்லி நினைத்தான். இனி எத்தனை மரம் ஒழுங்காக ஏறினாலும் அவள் கண்ணில் இந்த ஆட்டம்தான் நிற்கும்.

குனிந்து பார்த்தான். அவள் கயிற்றை விடவில்லை. கை மாற்றிக் கை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, கிளையைத் தரையில் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு சுத்து குறைக்கவா?”

அதை அவன் சொல்லித் தரவில்லை.

“குறை.”

இரண்டாவது கிளை தூங்கும் பிள்ளையை இறக்குவதுபோல் இறங்கியது.

மூன்றாவதில் ரம்பத்தை வைக்கப் போகும்போது அவள் கத்தினாள்.

“ஏங்க, நில்லுங்க! அது கீழ இருக்குற பச்சைக் கிளையில போய் மாட்டும். கயித்த இன்னும் நுனிப் பக்கம் தள்ளிக் கட்டுங்க.”

மேலிருந்து அவனுக்கு அது தெரியவில்லை. ஆனாலும் தள்ளிக் கட்டினான். கிளை பச்சையைத் தொடாமல் ஒதுங்கி இறங்கியது. கயிற்றுக்காரன் நல்லவன், சொன்னதைச் செய்வான். சொல்லாததைப் பார்க்க மாட்டான்.

பக்கத்து வீட்டு அம்மாள் மதில் மேல் எட்டிப் பார்த்தாள்.

“எங்க மரத்தையும் அடியோட எடுத்துருவீங்களா? ஒரே குப்பை.”

“இலை கொட்டாம இருக்க அது என்ன பிளாஸ்டிக்கா அக்கா?” என்றாள் அவன் மனைவி. “பட்டுப்போனது இருந்தா எடுப்போம். அடுத்த வாரம் வந்து பாக்குறோம்.”

எடுப்போம். பாக்குறோம். பல்லி மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அதைச் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? தெரியவில்லை. கேட்க அவசரமும் இல்லை. காற்று நன்றாக இருந்தது. வெட்டிய இடத்தில் பிசிறு இருந்தது, அதைச் சீவிவிட்டு இறங்கினான்.

மச்சான் டீ போட உள்ளே போயிருந்தார். அவள் தண்ணீர்ச் செம்புடன் வெட்டுண்ட கிளையில் உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் மரத்தூள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

“சொல்லு” என்றான்.

“என்ன சொல்ல?”

“பாத்துட்டுச் சொல்றேன்னியே.”

“மேல போனா நீங்க பாடுறீங்க.”

“நானா?”

“வேற யாரு, காக்காவா? சுதியே இல்ல.” தண்ணீரைக் குடித்து முடித்தாள். “நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க.”

பல்லி கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான். பாதி சுருட்டியதும் சொன்னான்.

“நீ இன்னிக்கு நல்லா சமாளிச்ச. இனிமே உனக்கு இந்தக் கஷ்டம் வேணாம். கயித்துக்கு ஒரு ஆள் பாத்துடறேன்.”

“ஆளா?”

“ஆமா. சம்பளத்துக்கு.”

அவள் எழுந்து கயிற்றின் மறுமுனையை எடுத்தாள். அவன் சுருட்டச் சுருட்ட, முறுக்கு விழாமல் விட்டுக்கொடுத்தபடி கிட்டே வந்தாள்.

“ஏங்க, மருந்துக்கடையில நானும் நாளைக்கே சொல்லிடட்டுமா?”