ரஞ்சித்குமாரின் இரண்டு பற்கள்

அடித்தது நான்தான். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? வனக்காப்பாளர் வெண்மதி, சொந்த ஊர் நெரவி. ஜீப்புக்குள் வைத்து ரஞ்சித்குமாரின் வாயில் விட்டேன் ஒரு குத்து. தெறித்த இரண்டு பல்லில் ஒன்று என் மடியிலேயே விழுந்தது.

சும்மா அடிக்கவில்லை. அன்று விடியற்காலை கருக்களாச்சேரி கரையில் ஒதுங்கிய படகில் என்னோடு வேலை பார்க்கும் நீலமேகம் அண்ணன்தான் முதலில் ஏறினார். இடுப்பளவு தண்ணீரில் நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். படகில் ஏழு மூட்டை, பிடிக்கவே தடையுள்ள கடல் அட்டை, காயவைத்துக் கடத்துவதற்கு. மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்த ஒருத்தன் இரும்புத் தடியால் அண்ணன் மண்டையில் போட்டான். விழுந்தவரை விடாமல் இன்னும் இரண்டு அடி. நான் ஏறுவதற்குள் மறுபக்கம் குதித்து ஓடிவிட்டான். நான் பார்த்தது முதுகைத்தான். முகத்தைப் பார்த்த ஒரே ஆள் அண்ணன். அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

படகு ரஞ்சித்குமாருடையது. வீட்டில் போர்வைக்குள் கிடந்தவனை இழுத்து வந்தோம்.

"படகை எவனோ எடுத்துட்டுப் போயிட்டான். ரெண்டு நாளா நான் காய்ச்சல்ல கெடக்கேன்" என்றான். ஜீப் கிளம்பியதும் என் பக்கம் குனிந்து, "கெழவன் பொழைச்சாத்தானே சாட்சி?" என்று சிரித்தான். அதற்கப்புறம் என் கை என்னைக் கேட்கவில்லை.

மதியம் கோர்ட். அவனுடைய வக்கீல் தெட்சிணாமூர்த்திக்கு அந்த வாயைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"அடிச்சாங்களான்னு நீதிபதி கேப்பாரு. அந்த வெண்மதிதான் அடிச்சாள்னு சொல்லு. கேஸே ஒடைஞ்சிடும்" என்று என் காதுபடவே சொன்னார்.

கையை அடக்கத் தெரியாத கழுதையே, அண்ணன் வாங்கிய அடியை வீணாக்கிவிட்டாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

உள்ளே அவன் ஊர்க்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். மச்சான்கள், பங்காளிகள், அவனைக் கண்டால் நடுங்குகிற பயல்கள்.

"வாயில என்ன காயம்? யாராவது அடிச்சாங்களா?" என்றார் நீதிபதி.

ரஞ்சித்குமார் என்னைப் பார்த்தான். வாயைத் திறக்கப் போனான். அதற்குள் பின்னாலிருந்து யாரோ, "அய்யய்ய, ஒரு பொம்பளைகிட்டயா வாங்குனான்?" என்று முணுமுணுக்க, இன்னொருத்தன் களுக்கென்று சிரித்தான். ரஞ்சித்குமாரின் கழுத்து நரம்பு புடைத்தது.

"யாரும் அடிக்கலைங்கய்யா. படகுல வழுக்கி விழுந்துட்டேன்."

வக்கீல் தலையில் கைவைத்தார்.

"ரத்தம் இன்னும் நிக்கலையே. எப்ப விழுந்த?"

"இன்னைக்கிக் காலைலதாங்க..."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நீதிபதி அதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதி முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"படகுல வழுக்கி விழுந்தாராமே?"

வீங்கியிருந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"வழுக்கத்தான் செய்யும்ங்கய்யா. படகெல்லாம் நீலமேகம் அண்ணன் ரத்தம்."