யாரும் கட்டாத பாட்டு

"நான் கட்டின பாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லு. அவ்வளவுதான் கேக்கிறேன்."

"கொடுத்தாச்சு லாவினியா. கொடுத்ததை எப்படி…"

"திருப்பி வாங்கிக்கன்னா சொன்னேன்? நீதான் கட்டினேன்னு…"

"அதைச் சொன்னா வாங்கின மாதிரிதான். சபை அத்தனை பேரும் பாய் விரிச்சு, மரியாதை பண்ணி வாங்கிக்கிட்டாங்க. இப்போ போய் என்னுதுன்னு நிக்கவா?"

"சபையில நிக்க வேணாம் அக்கா. கேமரா முன்னாடி நில்லு போதும்."

"கேமராவுக்குப் பின்னாடிதான் ஊரே உக்காந்திருக்கு. உன் சேனலை நீயே மறந்துட்டியா?"

அக்கா சொன்னது உண்மைதான். ஆக்லாந்து நகரத்தின் மாங்கேரே பகுதியில் தன் வீட்டுக் கார் ஷெட்டிலிருந்துதான் அவள் அந்தச் சேனலை நடத்திவந்தாள். காரை வெளியே மழைக்குக் கொடுத்துவிட்டு, உள்ளே சுவர் முழுக்க மரப்பட்டைத் துணியைத் தொங்கவிட்டு, விளக்கும் கணினியும் வைத்திருந்தாள். ஆக்லாந்தில் டோங்காக்காரர் வீட்டில் கல்யாணமோ சாவோ எதுவானாலும் லாவினியாவின் கேமரா போகும். விசா கிடைக்காமல் டோங்காவின் வாவாவு தீவில் உட்கார்ந்திருக்கும் தாயும், லீவு கிடைக்காமல் யூட்டாவில் தவிக்கும் மகனும் அதில்தான் ஒன்றாகக் கூடினார்கள்.

அக்கா டோவாகாசே பாட்டுக் கட்டுகிறவள். தேவாலயச் சபைக்குப் புது மண்டபம் திறந்தபோது ஒரு பாட்டைக் கட்டி, பாடகர் குழுவுக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுத்து, ஆட்டமும் சேர்த்து மேடையேற்றினாள். சனங்களுக்கு அது அப்படிப் பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம் அந்தப் பாட்டு இல்லாமல் எந்த வீட்டு விசேஷமும் முடிவதில்லை.

சிட்னியில் எவனோ ஒருவன் லாவினியாவின் காணொளியிலிருந்தே அந்தக் குரல்களை உருவி, அடியில் தாளத்தைப் போட்டு வெளியிட்டான். அவனுடைய கம்பெனி அதைத் தன் பெயரில் பதிந்துகொண்டது. அதிலிருந்து, அந்தப் பாட்டை யார் எங்கே பாடினாலும் காணொளித் தளத்தின் இயந்திரம் அதைத் திருட்டு என்றது. பெற்றவள் பிள்ளையைத் தூக்கினால் பிள்ளை பிடிக்கிறவள் என்று சொல்லுகிற இயந்திரம்.

முதலில் ஒரு கல்யாணக் காணொளி போயிற்று. அதைக்கூட லாவினியா முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டாள். அடுத்தது கிழவர் மலகாயின் அடக்கம். நேரலையில் பெட்டி குழிக்குள் இறங்க, குழு அந்தப் பாட்டை எடுக்க, திரை இருண்டுவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு லாவினியா எந்தெந்தப் பொத்தானையோ அமுக்கிப் பார்த்தாள். வாவாவு தீவிலிருந்து கிழவரின் தங்கச்சி போன் பண்ணினாள். திட்டவில்லை. மண் போட்டாயிற்றா என்று மட்டும் கேட்டாள். ஆயிற்று என்றாள் லாவினியா.

இன்னொரு தடவை இப்படி ஆனால் சேனலையே மூடிவிடுவோம் என்று தளம் எச்சரித்திருந்தது. லாவினியா கம்பெனிக்கு எழுதினாள். பாட்டைக் கட்டியவர் ஒருவர் இருந்தால் அவர் வாயால் சொல்லட்டும், பரிசீலிக்கிறோம் என்று கம்பெனி வக்கீலிடமிருந்து பதில் வந்தது. அதற்காகத்தான் இன்று அந்த வக்கீல் காணொளி அழைப்பில் வருவதாக ஏற்பாடு. அதற்காகத்தான் காலையிலிருந்து இந்தச் சண்டையும்.

டோவாகாசே கேமராவில் விழாத மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். தேநீரைத் தொடவில்லை. வேணும்னா நீ சொல்லிக்க, நான் மறுக்க மாட்டேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டாள்.

வக்கீல் ஹால்ஸ்டெட் நல்ல மரியாதைக்காரர். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொன்னார், ஆக்லாந்தில் மழையா என்று விசாரித்தார். பிறகு, உங்கள் சேனலிலேயே இருக்கிற ஒரு காட்சியைப் போடுகிறேன் என்றார்.

மண்டபத் திறப்பு நாள். டோவாகாசே, சபைக்கு மரியாதையாக உடுத்தும் பின்னல் பாயை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, சபை முன்னால் நிற்கிறாள். பேசுவது அவள் குரல்தான். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடிற்று.

"இது ஒண்ணுமில்லாத பாட்டு. இதை நான் கட்டல. நமக்கு முன்னாடி போனவங்க கரையில ஒதுக்கிட்டுப் போன குப்பை. பெரியவங்க காதுல விழ லாயக்கில்ல, பொறுத்துக்கணும்."

அங்கே வக்கீல் நிறுத்தினார்.

இன்னும் கொஞ்சம் ஓடவிட்டிருந்தால், முன்வரிசையில் போதகர் சிரித்துக்கொண்டு, "அப்படின்னா இன்னைக்கு அசத்தப்போறா" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்வதும் கேட்டிருக்கும். டோங்காவில் அவையில் நின்று பேசுகிற எவரும் தன் பொருளைத் தானே உயர்த்திப் பேச மாட்டார். விருந்துக்கு ஆகப் பெரிய பன்றியைத் தூக்கிவருகிறவன்தான் எலிக்குஞ்சு கொண்டுவந்தேன் என்பான். எவ்வளவு தாழ்த்திச் சொல்கிறாளோ அவ்வளவு உழைத்திருக்கிறாள் என்று கேட்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பேச்சை மொழிபெயர்க்க ஆள் வைத்த கம்பெனி, அது என்ன பேச்சு என்று அந்த ஆளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த வழக்கே இல்லை. அதனால்தான் கேட்கவில்லை என்று லாவினியாவுக்குப் பட்டது.

"பழைய பாட்டுன்னு அவங்களே சொல்றாங்க," என்றார் வக்கீல். "பழசுக்குச் சொந்தக்காரர் கிடையாது. புதுசா அமைச்சதுக்கு உண்டு. அது எங்க கட்சிக்காரர்."

அது மரியாதைக்குச் சொல்கிற பேச்சு என்று லாவினியா விளக்கினாள். பன்றிக் கதையையும் சொன்னாள். பதிவில் இருப்பதை மட்டும்தான் தான் பார்க்க முடியும் என்றார் அவர்.

"சரி, யாருக்கும் சொந்தமில்லாத பாட்டுன்னே வச்சுக்குவோம். அதைப் பாடினதுக்கு எதுக்கு எங்க சாவு வீட்டை அணைச்சீங்க?"

அதை இயந்திரம் செய்தது, கம்பெனி செய்யவில்லை என்றார். அப்படியானால் இயந்திரத்திடம் சொல்லிப் பதிவை நீக்குங்கள் என்றாள் இவள். உரிமை கோருகிற இன்னொருவர் இல்லாதபோது நீக்க வேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை என்றார் அவர், அதே மரியாதையோடு. திருடினவனுக்குப் பெயர் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, பேச வக்கீல் இருக்கிறார். பறிகொடுத்தவள் தன் வாயால் தன்னைப் புகழ்ந்துகொண்டால்தான் பறிகொடுத்தவள் ஆவாளாம். இதற்குச் சட்டம் என்று பெயர்.

மூலையில் நாற்காலி நகர்ந்தது. டோவாகாசே எழுந்து, ஆணியில் தொங்கிய இடுப்புப் பாயை எடுத்து, சபைக்குப் போகிறவள் மாதிரி நிதானமாகச் சுற்றிக் கட்டினாள். வந்து தங்கையின் பக்கத்தில், கேமராவுக்கு நேரே உட்கார்ந்தாள்.

"நான்தான் கட்டினேன்," என்றாள். "வார்த்தையும் என்னுது. மெட்டும் என்னுது."

நாலு பேர் பார்க்க உடுத்தியதை அவிழ்க்கச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்தக் குரல். காலையிலிருந்து கெஞ்சியும் அதட்டியும் கேட்ட வார்த்தை லாவினியாவுக்குக் கிடைத்துவிட்டது. அக்கா முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை, விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் ஏதோ குறித்துக்கொண்டார்.

"நன்றி அம்மா. ஒரே ஒரு சந்தேகம். அப்படின்னா அன்னைக்குப் போதகர் முன்னாடி, சபை முன்னாடி நின்னு நீங்க சொன்னது பொய்யா?"

டோவாகாசே இடுப்புப் பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். பொய் சொன்னாயா என்று அவளை இதுவரை யாரும் கேட்டதில்லை.

லாவினியா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டாள். அவ்வளவு நேரம் கத்தியவளுக்கு இப்போது குரல் தணிந்து வந்தது.

"ஐயா, நீங்க எங்களுக்கு எழுதின கடுதாசி முடிவுல 'தங்கள் உண்மையுள்ள'ன்னு போட்டுக் கையெழுத்து வச்சிருக்கீங்க. அது சாட்சியமா, மரியாதையா?"